சுவிஸ் பேப்பர் புராணம்

ஊரிலிருந்து இங்கே வருகிற சொந்தக்காரர் ஆராவது ஒருவர் கட்டாயம் கேட்கிற கேள்வி இது: "சுவிசில பெரிய பேப்பர் எது?" வீரகேசரி மாதிரி, இந்து மாதிரி ஒரு பேரைச் சொல்லுவன் என்றுதான் கேட்கிறது. அப்பிடி ஒன்றும் இல்லை என்று சொன்னால் இவனுக்குத் தெரியாது, மழுப்புறான் என்று நினைக்கிறார்கள். அதனால் இந்தமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன். இனிக் கேட்கிற ஆக்களுக்கு இணைப்பை அனுப்பினால் போதும்தானே :-)

சூரிச்சில் 'நோய சூர்ச்சர் சைற்றுங்' இருக்கிறது. 1780ஆம் ஆண்டு தொடங்கினது. பிரெஞ்சுப் புரட்சிக்கே ஒன்பது வருசம் முந்தியது. பெயர் நீளம் என்பதால் எல்லாரும் என்-செற்-செற் என்பார்கள். வெளிநாட்டுக்காரர் சுவிஸ் பேப்பர் என்றால் இதைத்தான் சொல்லுவார்கள். ஆனால் லவுசானில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போய் அங்கே இருக்கிறவர்களில் எத்தினை பேர் அதை வாசிக்கிறார்கள் என்று பாருங்கோ. ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு 'லு தோம்' இருக்கிறது. 1998இல் இரண்டு பேப்பர்களை ஒன்றாக்கி உண்டாக்கினது. அதைச் சூரிச்சில் ஆர் வாசிக்கிறது? இத்தாலி மொழி பேசுகிற திச்சீனோவில் 1891இலிருந்து 'கொரியேரெ டெல் திச்சீனோ'. அது மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வாறது அபூர்வம்.

ஆக, தேசியப் பத்திரிகை என்று ஆளாளுக்குச் சொல்லுகிறது எல்லாம் ஒரு மொழிக்காரருடைய பத்திரிகை. நாடு முழுக்க வாசிக்கிற ஒரு தாள் இல்லை. 90 லட்சம் சனம், நாலு மொழி. டொச் ஏறக்குறைய நூற்றுக்கு 60, பிரெஞ்சு 23, இத்தாலி 8, றொமான்ஷ் ஒரு வீதம்கூட இல்லை.

எல்லாருக்கும் பொதுவாக வந்தது எதுவென்றால், சிரிக்கக்கூடாது, ஸ்ரேசனில் பெட்டிக்குள் கிடக்கிற இலவசப் பேப்பர்தான். '20 மினூற்றன்'. 1999 டிசம்பரில் டொச்சில் தொடங்கி, 2006இல் பிரெஞ்சில், 2011இல் இத்தாலியில் என்று விரிஞ்சது. காலமை ஆறு மணிக்கு வேலைக்குப் போற ரயிலில் பெட்டி முழுக்க நீலத் தலைப்பு. படத்தைப் பார்த்து, ராசிபலனைப் பார்த்து, இறங்கேக்க கதிரையில் போட்டுவிட்டுப் போற பேப்பர். அதுகூட மூன்று மொழியிலும் ஒரே பேப்பர் இல்லை. பெயரும் வடிவமும் ஒன்று, உள்ளடக்கம் வேற. அதுவும் 2025ஓடு அச்சில் வாறது நின்று இணையத்துக்குள் போய்விட்டது. பெட்டிகள்தான் மிச்சம்.

*

நான் இந்த நாட்டில் பேப்பரை வாசிக்கமுதல் சுமந்தவன். 1991இல் வந்து, முதல் கிடைச்ச வேலைகளில் ஒன்று விடியப்புறம் வீடுவீடாகப் பேப்பர் போடுகிறது. நாலு மணிக்குச் சைக்கிளும் பையும். பனிக்காலத்தில் விரல் விறைச்சுப்போய் தபால்பெட்டியின்ர மூடியைத் திறக்க ஏலாது. எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்று ஒரு தாள் தருவார்கள். டொச் ஒரு சொல்லும் தெரியாது. தலைப்பு எழுத்தின்ர வடிவத்தைப் பார்த்துத்தான் போடுகிறது. 'டெர் புண்ட்' ஒரு வடிவம், 'பேர்னர் சைற்றுங்' ஒரு வடிவம்.

போடப்போட ஒரு விசயம் பிடிபட்டது. புண்ட் போற வீட்டு வாசலில் சப்பாத்து வேற மாதிரி. ஜன்னலுக்குள்ளால புத்தக அலுமாரி தெரியும். பேர்னர் சைற்றுங் போற வீட்டில் ட்ராக்டர் நிற்கும், அல்லது வேலைக்குப் போற வான் நிற்கும். என்-செற்-செற் என்ர பாதையில் மூன்றே மூன்று வீடு. மூன்றுக்கும் பெரிய வளவு. ஒரு ஊருக்குள்ளேயே ஆர் எந்தப் பேப்பர் என்பது சாதிசனம் மாதிரி. மொழி தெரியாமலேயே அந்த ஊர்ச் சனத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் விளங்கினது அந்தத் தாளால்தான்.

பிறகு மொழி படிச்சதும் பேப்பராலதான். இதில் ஒரு சிக்கல் இருக்கு. இங்கத்தைச் சனம் கதைக்கிறது ஒரு மொழி, எழுதுறது இன்னொன்று. வேலைத்தலத்தில், கடையில், ஏன் ரேடியோவிலகூட, வட்டார வழக்குத்தான். பேப்பர் முழுக்க எழுத்து டொச். வகுப்பில் படிச்சதைக் கொண்டு பேப்பரை வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனோட கதைக்க ஏலாது. மற்ற நாட்டுக்காரர் இதைக் கேட்டுத் தலையில் கை வைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது புதினமே இல்லை. நாங்கள் வீட்டில் ஒன்றைக் கதைச்சு வகுப்பில் இன்னொன்றை எழுதி வளர்ந்த ஆக்கள்தானே. 'வந்தனான்' என்று சொல்லி 'வந்தேன்' என்று எழுதுற தமிழனுக்கு சுவிஸ் டொச் விளங்காமல் ஆருக்கு விளங்கும்!

றொமான்ஷ்காரரின்ர கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட. கிரவுபுண்டன் மலைப்பள்ளத்தாக்குகளில் பேசுகிற மொழி. 1938இல் வாக்கெடுப்பு வைத்து, நாட்டுச்சனம் நூற்றுக்கு 90க்கு மேல் ஆதரிச்சு, நாலாவது தேசிய மொழியாக்கினது. அதை முதன்மை மொழி என்று எழுதிக்கொடுக்கிறவர்கள் 40 ஆயிரம் அளவில்தான். (சுவிசில் ஈழத்தமிழர் 50 ஆயிரம் என்று சொல்லுவார்கள். ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.) அந்தச் சின்ன மொழிக்குள் ஐந்து எழுத்து வழக்கு. பள்ளத்தாக்குக்கு ஒன்று. முந்தி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் பேப்பர் வந்தது. ஒன்று 1857இலிருந்து. தனியாக ஒன்றும் தாக்குப்பிடிக்காது என்று 1997இல் 'லா குவோதிடியானா' என்று ஒரே நாளிதழாக்கினார்கள். பக்கத்துக்குப் பக்கம் வழக்கு மாறும். எல்லாருக்கும் பொதுவாக 1982இல் ஒரு எழுத்துவழக்கை உருவாக்கியும் வைத்திருக்கிறார்கள். 'எங்கட பாட்டி இப்பிடிக் கதைக்கேல்லை' என்று அதை ஏற்காத சனமும் நிறைய. இதையெல்லாம் வாசிக்கேக்க மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒரு மேசையில் இருந்து பேப்பர் நடத்துற மாதிரி ஒரு காட்சி எனக்கு வரும். சண்டை வரும்தான். ஆனால் வந்தால் நல்லாய்த்தான் இருக்கும்.

*

என்ர தங்கச்சி குடும்பம் லவுசானில். நாங்கள் பேர்ண் பக்கம். ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அகதியாக வந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினபடியால், ஒரு வயிற்றில் பிறந்த நாங்கள் இரண்டு மொழிக்குள் போய் விழுந்தோம். அவளின்ர பிள்ளைகளுக்கு டொச் தெரியாது. என்ர பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிச்ச பிரெஞ்சு 'வணக்கம், எப்படிச் சுகம்' அளவில் நிற்கும். சந்திச்சால் தமிழில்தான் கதைப்பார்கள். சுவிஸ்காரப் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் சந்திச்சால் இப்ப ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள். அந்த வகையில் எங்கட வீட்டுக்கு ஒரு சொந்தத் தேசிய மொழி இருக்கு.

2014 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டுக்காரர் பெருமளவில் வாறதைத் தடுக்கவேணும் என்கிற முன்மொழிவு. நூற்றுக்கு 50.3 வீதம் ஆதரவோடு வென்றது. பிரெஞ்சு மாநிலங்கள் எல்லாம் வேண்டாம் என்றன. டொச் மாநிலங்களில் பெரும்பாலானவை வேணும் என்றன. திச்சீனோவில் 68 வீதம். அடுத்த நாள் தங்கச்சியின்ர மனுசன் ரெலிபோன் எடுத்தார்.

"என்ன மச்சான், உங்கட ஆக்கள் இப்பிடிச் செய்துபோட்டினம்?"

"எங்கட ஆக்களோ? ஆர்?"

"உந்த டொச்சுக்காரர்தான். இஞ்ச பேப்பர் முழுக்க அதுதான். நாட்டை நாறடிச்சுப்போட்டாங்கள் எண்டு எழுதியிருக்கு."

"இஞ்சத்தைப் பேப்பரில அப்பிடி இல்லை அண்ணை. சனத்தின்ர பயத்தையும் விளங்கிக்கொள்ள வேணும் எண்டு எழுதியிருக்கு."

"பயமோ? எங்களைப் பார்த்தோ?"

இதில் பகிடி என்னவென்றால், எங்கள் இரண்டு பேருக்கும் அப்ப வாக்கு இல்லை. வாக்கில்லாத இரண்டு தமிழர், வாசிக்கிற பேப்பரின்ர மொழியை வைத்து ஒருத்தர் டொச் பக்கத்துக்கும் மற்றவர் பிரெஞ்சுப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டு அரைமணித்தியாலம் சண்டை பிடிச்சோம். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கு இங்கே 'ரோஸ்திகிராபன்' என்று பெயர். ரோஸ்தி என்பது துருவிப் பொரிச்ச உருளைக்கிழங்கு. அந்தப் பக்கம் அதைத் தின்னமாட்டினம் என்று ஒரு கதை. சும்மா சொல்லுறது. தங்கச்சி வீட்டில் கிழமைக்கு ஒருக்கா ரோஸ்திதான், மேல மிளகாய்த்தூள் தூவி.

பேப்பர்கள்தான் இந்தக் கோட்டைப் போட்டன என்று நான் சொல்ல வரேல்லை. 1992 டிசம்பர் 6 ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேருகிற வாக்கெடுப்பிலும் இதே பிளவுதான். அதிலும் வித்தியாசம் ஒரு நூலளவு, 50.3 வீதம் வேண்டாம். ஆனால் ஒரு நாட்டில் ஒரே நாள் நடந்த ஒரே விசயத்துக்கு அடுத்த நாள் காலமை இரண்டு வேற தலைப்பு வருகிறது. ஒரு பக்கத்துக்காரர் மற்றப் பக்கத்தின்ர தலைப்பைப் பார்க்கிறதே இல்லை. அப்ப இந்த நாடு எப்பிடி ஒன்றாய் நிற்குது என்று எனக்குக் கனகாலமாய் ஒரு கேள்வி.

பாதிப் பதில், ஆருக்கும் பேர் தெரியாத ஒரு செய்தி நிறுவனம். 1894இல் பத்திரிகைக்காரரே சேர்ந்து உண்டாக்கினது. டொச்சில் எஸ்டிஏ, பிரெஞ்சில் ஆத்தெஸ். மூன்று மொழியில் ஒரே செய்தியைக் கொடுக்கும். பேர்ண் பாராளுமன்றத்தில் நடக்கிறது திச்சீனோச் சின்னப் பேப்பருக்குப் போறது அதால்தான். செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், ஒருத்தரும் கவனிக்கிறதில்லை. 2018 தொடக்கத்தில் அங்கே ஆட்குறைப்பு என்று அறிவிக்க, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைக்குத்தான் கனபேருக்கு அப்பிடி ஒன்று இருக்கிறதே தெரியவந்தது.

2018 இங்கத்தைப் பேப்பர்களுக்கு அட்டமத்துச் சனி. மே மாதம் பப்ளிசித்தாஸ் என்கிற விளம்பர நிறுவனம் முறிஞ்சது. அதை நம்பியிருந்த 'ஜோர்னாலே டெல் போபொலோ' என்கிற திச்சீனோப் பேப்பர், 1926இலிருந்து லுகானோ மறைமாவட்டம் நடத்தினது, அதே மாதம் மூடுப்பட்டது. யூலையில் பிரெஞ்சுப் பக்கம் 'லு மத்தான்' நாளிதழ் அச்சில் நின்றது. தங்கச்சியின்ர மனுசன் காலமைக் கோப்பியோடு வாசிக்கிற பேப்பர் அது. "ஆரோ செத்த மாதிரிக் கிடக்கு" என்றார். ஒரு பேப்பருக்காக அவர் கவலைப்பட்டதை முதல்தரம் கண்டேன்.

நான் போட்ட பேப்பர்களுக்கும் அந்தக் காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. 2018இலிருந்து அந்தக் குழுமத்தின்ர டொச்சுப் பேப்பர்கள் எல்லாத்துக்கும் வெளிநாடு, உள்நாடு, பொருளாதாரம், விளையாட்டு எல்லாம் பொதுவான ஒரு ஆசிரியர்குழு. பிரெஞ்சுக்கு லவுசானில் இன்னொன்று. 2021இல் பேர்ணில் புண்ட் ஆட்களையும் பேர்னர் சைற்றுங் ஆட்களையும் ஒரே ஆசிரியர்பீடமாக்கினார்கள். தலைப்பு மட்டும் இரண்டு. சப்பாத்து வீட்டுக்கும் ட்ராக்டர் வீட்டுக்கும் இப்ப ஒரே செய்தி, வேற வேற கடதாசியில்.

*

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. எனக்கு நோகிறது வேற ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினது.

எங்கட பக்கம் ஒரு சின்னக் கிழமைப் பேப்பர் வந்தது. நாலைந்து ஊருக்கு ஒன்று. பேர் வேண்டாம். மரண அறிவித்தல், தீயணைப்புப்படைக்கு ஆள் தேவை, ஆற்றங்கரைப் பாலம் எந்த நாள் பூட்டு, கெமைண்ட கூட்டத்தில் என்ன முடிவு, இவ்வளவுதான் அதில். கெமைண்ட என்றால் எங்கட ஊர்ச்சபை மாதிரி. ஆனால் வரி எவ்வளவு, பள்ளிக்கூடக் கூரையை மாத்துறதா விடுறதா என்று ஊர்ச்சனமே கூடியிருந்து கையுயர்த்தித் தீர்க்கிற இடம். இந்த நாட்டில் எங்கட வாழ்க்கையில் முக்கால்வாசியைத் தீர்மானிக்கிறது அந்தக் கூட்டம்தான். பேர்ணிலிருக்கிற பாராளுமன்றம் பிறகுதான்.

2006இல் எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரச்சினை. சனிக்கிழமை பின்னேரம் ஊர்ப் பள்ளியில் இரண்டு அறை தந்திருந்தார்கள். கார் நிறையுது, பிள்ளைகள் கத்துதுகள் என்று அயலில் நாலைந்து வீட்டுக்காரர் கடிதம் போட, அறையை நிற்பாட்டுறதைப் பற்றிக் கூட்டத்துக்கு வருகுது என்று அறிந்தோம். எங்களில் ஒருத்தருக்கும் வாக்கில்லை. போய்ப் பின்வாங்கில் இருக்கலாம், கையுயர்த்த ஏலாது.

அந்தப் பேப்பரின்ர நிருபர், 60 வயதுக்குக் கிட்டின ஒரு அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் வந்தா. ஒரு மணித்தியாலம் பின்னால் இருந்து பார்த்தா. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தன்ர பேரைத் தமிழில் எழுதித்தரச் சொன்னா. அடுத்த கிழமை அந்த எழுத்து அப்பிடியே பேப்பரில் வந்தது. எங்களைப் பெரிசாய்ப் புகழேல்லை. அயலவரின்ர முறைப்பாட்டையும் ஒழுங்காய் எழுதியிருந்தா. அதோடு ஒரு வசனம்: அதே சனிக்கிழமை அதே இடத்தில் உதைபந்தாட்டக் கழகத்தின்ர கார்களும் நிற்குது, அதைப்பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. அவ்வளவுதான். கூட்டத்தில் அறை தப்பினது. காரை மட்டும் பால்பண்ணைக்குப் பக்கத்தில் விடச் சொன்னார்கள். பிறகு அந்தக் கடிதம் போட்டதில் ஒரு வீட்டுக்காரர் எங்கட பொங்கலுக்கு வந்தார். வடை நாலு சாப்பிட்டார். அஞ்சாவதையும் கேட்டவர், வாழைப்பழத்தைக் கொடுத்துச் சமாளிச்சோம்.

அந்தப் பேப்பர் பிறகு பக்கத்துப் பெரிய பேப்பரோடு சேர்ந்தது. அந்த அம்மா ஓய்வுக்குப் போனா. அந்த இடத்துக்கு ஆளைப் போடேல்லை. 2019இல் கெமைண்ட மண்டப வாடகையைக் கூட்டினது. எங்களுக்கு அது தெரியவந்தது பில் வந்த நாள். கேட்டால், கூட்டத்தில் முடிவெடுத்தது, கூட்டறிக்கை இணையத்தில் கிடக்குது என்றார்கள். உண்மைதான், கிடந்தது. 40 பக்கம். 31ஆம் பக்கத்தில் எங்கட வாடகை. உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கூடினதா இல்லையா என்று கண்டுபிடிக்க இன்னொரு அறிக்கையைத் தேடவேண்டி இருந்தது. (கூடேல்லை.)

ஒருத்தரும் களவு செய்யேல்லை. ஒளிக்கவும் இல்லை. பார்த்து எழுதுறதுக்கு ஒரு ஆள் அந்தக் கதிரையில் இல்லை.

2016இல் நான் பிரசாவுரிமை எடுத்துவிட்டேன். 2022 பெப்ரவரி 13 பத்திரிகைகளுக்கு அரசாங்க உதவியைக் கூட்டுற சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. வருசத்துக்கு 150 மில்லியன் பிராங் அளவில் மேலதிக உதவி. தபால்காரர் பேப்பர் கொண்டுபோற செலவில் சலுகை என்று ஏற்கெனவே வருசம் 50 மில்லியன் போய்க்கொண்டிருந்தது, அதைக் கூட்டுறதும் இதுக்குள்ள ஒன்று. நான் ஆம் போட்டேன். என்னோடு வேலை செய்கிற சுவிஸ்காரன் இல்லை போட்டான். "சூரிச்சிலிருக்கிற கோடீஸ்வர முதலாளிமாருக்கு என்ர வரிக்காசு என்னத்துக்கு? அரசாங்கத்தின்ர காசை வாங்கிற பேப்பர் அரசாங்கத்தைப் பற்றி என்னத்தை எழுதும்?" அவன் சொன்னதிலும் ஞாயம் இருக்கு. சின்னப் பேப்பருக்கு ஒரு பிடி போக, பெரியவனுக்கு ஒரு சாக்குப் போகும் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அந்தச் சைக்கிள் அம்மாவை நினைச்சுத்தான் போட்டேன். 54.6 வீதம் இல்லை. தோற்றது. பிரெஞ்சுப் பக்கம் பெரும்பாலும் ஆம், டொச் பக்கம் பெரும்பாலும் இல்லை. பின்னேரம் லவுசானிலிருந்து ரெலிபோன் வந்தது.

"என்ன மச்சான், உங்கட ஆக்கள்..."

இந்தமுறை என்னிடம் பதில் இருந்தது. நான் உங்கட பக்கம்தான் போட்டனான் என்றேன். அதுக்கும் சிரிக்கிறார்.

இப்ப கெமைண்ட கூட்டம் வருசத்தில் இரண்டுதரம், நான் தவறாமல் போகிறேன். வந்த அன்றிரவே தமிழில் ஒரு பக்கம் எழுதி, பள்ளிக்கூடத் தாய்தகப்பன்மாரின்ர வாட்சப் குழுவில் போடுகிறேன். வரி கூடினதா, மண்டபம் என்ன மாதிரி, பஸ் நேரம் மாறுதா. போனமுறை மனுசி வாசிச்சுப்போட்டுக் கேட்டா:

"எல்லாம் சரியப்பா. உங்கட பேப்பரில மரண அறிவித்தலைக் காணேல்லை?"